தண்டையார்பேட்டையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குக் கேரவன்: இரவில் எங்கே நிறுத்துவது, ஏசி ஏன் தாக்குப்பிடிக்கவில்லை?

தண்டையார்பேட்டை_வாசி

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேண்டும். பொங்கல் லீவில் குடும்பத்தோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, தங்கை, மச்சான். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி டிரைவரோடு வாடகைக்கு விடுகிறார். உள்ளே மடக்குக் கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், மேலே ஒரு டன் ஏசி, கேஸ் அடுப்பு, பின்னால் தண்ணீர் டேங்க் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பவளப்பாறை பார்க்க வேண்டும், தீவில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று ஒரே ஆசை.

வண்டியை ஒரு நாள் எங்கள் தெருவில் நிறுத்திப் பார்த்தோம். இன்ஜினை அணைத்துவிட்டு ஏசி போட்டால் முக்கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது, பேட்டரி புதுசு, 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) என்று ஓனர் சொல்கிறார். சரி, வீட்டு பிளக்கில் மாட்டலாம் என்று வயரை இழுத்துச் சொருகினால் வீட்டு மெயினே டிரிப் ஆகிறது. ஃபிரிட்ஜ், லைட், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சொருகினாலும் டிரிப்தான்.

அம்மாவுக்கு முட்டி வலி, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாமல் முடியாது. கடற்கரையில் நிறுத்தி வண்டியிலேயே படுக்க இடம் இருக்கிறதா, ஏசி பிரச்சினைக்கு என்ன வழி, எந்தப் பாதையில் போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம்_கரை

வாங்க சார். முதலில் தீவு விஷயம், பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பூங்கா ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் கடலுக்குள் இருக்கிற தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீரும்தான். கேட்டைத் தாண்டி வண்டியை உள்ளே விட்டு நிறுத்துகிற பூங்கா இல்லை. 1986-இல் அறிவிக்கும்போது 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் அப்படியே கரைந்துகொண்டு வந்தது, சுற்றிலும் செயற்கைப் பாறைகளைப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கட்டடம் கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. அதனால் தீவில் இறங்குவது, டென்ட் போடுவது எல்லாம் அனுமதி இல்லாமல் கூடாது. யாராவது படகுக்காரர் ராத்திரி கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னாலும் போகாதீர்கள். மாட்டினால் வழக்கு, மாட்டாவிட்டாலும் அந்த இடத்துக்குக் கேடு.

பார்க்க வழி இருக்கிறது. வனத்துறை நடத்தும் படகில் போகலாம், ஆனால் அது ஓடுவது காற்றைப் பொறுத்தது. ஜனவரியில் வாடைக் காற்று அடிப்பதால் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் கலங்கலாக, அலையாக இருக்கும். அதே நேரத்தில் தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். பூங்காத் தீவுகள் எல்லாம் தென்கடலில் இருப்பதால் உங்கள் மாதம் மோசமில்லை. ஜூன், ஜூலையில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வந்தீர்கள் என்றால் தென்கடலில் பக்கத்தில் நிற்க முடியாது.

ராத்திரி கடற்கரையில் நிறுத்துவதை மறந்துவிடுங்கள். இது எல்லைக் கடல், கடலோரக் காவல் குழும போலீஸ் ரோந்து வருவார்கள், தனியாக நிற்கிற வண்டியை எழுப்பி விசாரிப்பார்கள். தனுஷ்கோடியில் சாயங்காலத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்கள். மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ சுற்றுச்சுவர் உள்ள லாட்ஜ், ஹோம்ஸ்டே பார்த்து ஒரு ரூம் மட்டும் எடுங்கள், வண்டியை உள்ளே நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். அம்மா ரூமில், மற்றவர்கள் வண்டியில். வெஸ்டர்ன் டாய்லெட், குளிக்கத் தண்ணீர், பிளக் பாயின்ட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

வயரிங்_வியாசர்பாடி

ஏசி கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1800 வாட்-அவர். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக கைக்கு வருவது 900. ஒரு டன் ஏசி 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். முக்கால் மணி நேரம் ஓடியதே பெரிசு. பேட்டரியில் குறை இல்லை, ஓனரிடம் சண்டை போட வேண்டாம். ராத்திரி முழுக்க ஏசி என்பது அந்த பேட்டரியால் ஆகாத காரியம்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவோம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சுவர் ஓரம் நிற்கிற வண்டியில் புகை திரும்பி உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜெனரேட்டரை வண்டியை ஒட்டி வைப்பதும் அதே ஆபத்துதான்.

ஜனவரியில் கடற்கரையில் ஏசி தேவையே இல்லை. 12 வோல்ட் டி.சி. ஃபேன் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று 25 வாட் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 500. ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதற்கு 250 வரை. லைட், போன் சார்ஜுக்கு 100. மொத்தம் 850, அந்த 900-க்குள் அடங்கிவிடும். பகலில் வண்டி ஓடும்போது இந்த பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று ஓனரிடம் கேளுங்கள். இன்ஜின் பேட்டரியையும் இதையும் பிரித்து வைக்கிற ஐசொலேட்டர் நடுவில் இல்லாமல் நேராக இழுத்திருந்தால் காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகாது.

அந்த டிரிப்தான் எனக்கு உறுத்துகிறது. எல்லாம் அணைத்தும் டிரிப் ஆகிறது என்றால் லோடு காரணமில்லை. உங்கள் வீட்டில் இருப்பது லோடு கூடினால் விழுகிற சாதா எம்.சி.பி.யா, கரண்ட் கசிந்தால் விழுகிற, டெஸ்ட் பட்டன் வைத்த ஆர்.சி.சி.பி.யா?

தண்டையார்பேட்டை_வாசி

அண்ணே, மஞ்சள் கலரில் டி என்று போட்ட பட்டன் இருக்கிறது. அதுதான் விழுகிறது, மற்றவை எல்லாம் மேலேதான் நிற்கின்றன.

வயரிங்_வியாசர்பாடி

அப்படியென்றால் லீக்கேஜ் கணக்கு. வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கிறது: இன்வெர்ட்டருக்குள்ளோ வண்டியின் டிபி பாக்ஸிலோ (சுவிட்ச், பிரேக்கர் இருக்கிற பெட்டி) நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். பேட்டரியில் தனியாக ஓடும்போது அது சரி. வெளி கரண்டில் சொருகினால் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டியது பாதி எர்த் வழியாகப் போகும், ஆர்.சி.சி.பி. உடனே விழும். டிபி பாக்ஸில் முறுக்கியிருந்தால் அதைப் பிரித்துவிட்டு, வெளி கரண்ட், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றுதான் வேலை செய்கிற மாதிரி, நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற டூ-போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. பாரிமுனைப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

அது போட்டும் விழுந்தால் ஏசி வயரோ வேறு ஏதோ பாடியில் உரசுகிறது என்று அர்த்தம், கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வண்டி இரும்பு, கீழே ரப்பர் டயர். லீக் ஆகிற கரண்ட் போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை கடலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு மண்ணில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும் பாருங்கள், அங்கேதான் அடிக்கும். லாட்ஜில் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய வயரிங் இருந்தால் டிரிப்பும் ஆகாது. அதனால் வண்டிக்குள்ளேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்க வேண்டும். எர்த் பின்னை உடைத்துச் சொருகுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் குறையாமல் எடுங்கள், சுருட்டி வைத்தபடியே லோடு ஏற்றாதீர்கள், சூடாகி உருகும்.

எண்ணூர்_லாரி

தம்பி, பாதையை நான் சொல்கிறேன். மண்டபம் வரை 550 கிலோமீட்டர் பக்கம் வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் புகுந்து போகாமல் மணலி, மாதவரம் வந்து புழல்-தாம்பரம் பைபாஸ் பிடியுங்கள். ஏசி மேலே இருப்பதால் வண்டி உயரத்தை டேப் வைத்து அளந்து டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள். நம்ம பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரத் தடுப்பு இருக்கிறது, லாட்ஜ் கேட்டில் ஆர்ச் இருக்கும், தெருவில் கேபிள் வயர் தொங்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருங்களத்தூரும் பரனூர் டோலும் அசையாது. விடிகாலை கிளம்புங்கள். திருச்சி, புதுக்கோட்டை, தேவகோட்டை, ராமநாதபுரம் என்று போனால் ரோடு நல்ல அகலம். ஈ.சி.ஆர்.தான் வேண்டும் என்றால் நாகப்பட்டினத்துக்கு அப்புறம் ஊர் ஊராக வேகம் குறையும், அதற்கேற்ற நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஏழு பேருக்குக் கட்டில் கணக்குப் போட்டீர்கள், டிரைவர் எங்கே படுப்பார்? அவ்வளவு தூரம் ஓட்டுகிறவர் சீட்டில் சாய்ந்து தூங்கினால் அடுத்த நாள் உங்கள் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது. அவருக்கு ஒரு கட்டில், கொசுவலை, சாப்பாடு முதலில் ஒதுக்குங்கள். திருச்சிப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிப் போனாலும் தப்பில்லை.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு, பர்மிட் வேண்டும், உள்ளே மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார்.

காசிமேடு_அக்கா

நாங்கள் அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு இந்த மாதிரி வண்டியில் போய் வந்தோம், அதனால் எழுதுகிறேன் தம்பி. அம்மாவுக்குக் கஷ்டம் டாய்லெட்டில் மட்டும் இல்லை, வண்டிப் படியில்தான் அதிகம். டெம்போ டிராவலர் முதல் படி தரையிலிருந்து உயரம், மணலில் நின்றால் இன்னும் வழுக்கும். அகலமான மரப்பலகை ஸ்டூல் ஒன்று, கீழே ரப்பர் ஒட்டியது, டிக்கியில் போடுங்கள். கதவோரம் பிடிக்கக் கம்பி இருக்கிறதா, ஆடுகிறதா என்று அம்மாவையே ஏறி இறங்க வைத்துப் பாருங்கள்.

வண்டி டாய்லெட்டை நம்ப வேண்டாம். வண்டியில் இருந்தாலும் அந்தக் கழிவு டப்பாவைக் கொட்ட இடம் வேண்டுமே. கடற்கரையிலோ கருவேலங்காட்டிலோ கொட்டுவது பாவம், அந்த ஊர்ப் பெண்கள் நடக்கிற இடம் அது. ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீருக்கே கஷ்டம், குடிக்க, சமைக்க கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், டேங்கில் இருப்பதைக் கைகால் கழுவ மட்டும் வையுங்கள்.

கேஸ் அடுப்பை வண்டிக்குள் பற்றவே வைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷனில் சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள், அதுவும் ஓடாமல் நின்றுகொண்டிருந்த பெட்டி. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும், ஜன்னலைத் திறந்தாலும் போகாது. சிலிண்டரை ஓனரிடமே விட்டுவிட்டு லாட்ஜ் பிளக்கில் இன்டக்‌ஷன் அடுப்பு போடுங்கள். புளிச்சோறு, எலுமிச்சை சாதம், கருவாட்டுத் தொக்கு கட்டினால் முதல் நாள் ஓடிவிடும்.

தண்டையார்பேட்டை_வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓனர் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், ஆர்.சி.சி.பி. இரண்டும் போட்டுத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார், சிலிண்டரையும் இறக்கிவிடுவார். டிரைவருக்குத் தனிக் கட்டில், அம்மாவும் தங்கையும் சின்னவளும் ரூமில். மண்டபத்தில் ஒரு இடத்தில் பேசியிருக்கிறேன், கேட் உயரம் கேட்டு அளந்து சொல்கிறேன் என்றார்கள். தீவில் டென்ட் இல்லை என்றதும் பெரியவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மண்டபம் சார், ஒருவேளை படகு ஓடாவிட்டால் அவனுக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

மண்டபம்_கரை

நிறைய இருக்கிறது சார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் மீன் காட்சியகம் உண்டு, உயிரோடு பார்க்கலாம். தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீர் தேங்கிய சதுப்பில் ஜனவரியில் பூநாரைகள் வந்து நிற்கும். 2025-இல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். ரோட்டோரம் வண்டியை ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைச் சத்தமாகச் சாத்தாமல் இறங்கச் சொல்லுங்கள், கையில் பைனாகுலர் இருந்தால் அந்த வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அலசித் தின்பதை நன்றாகப் பார்க்கலாம். காலை நேரம் நல்லது. மணலில் டயரை இறக்காதீர்கள், அவ்வளவு கனமான வண்டி அச்சு வரை புதையும், தார் ரோட்டிலேயே நிறுத்துங்கள்.

ஈ.சி.ஆர்.இல் திரும்பினால் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு, ஊர்க்காரர்களே ஓட்டுகிறார்கள், சாப்பாடும் சமைத்துத் தருவார்கள். பெரியவனுக்கு அது தீவைவிடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நேரம் மிஞ்சினால் வழியில் கோடியக்கரையில் வெளிமான் பார்க்கலாம், அது தேசியப் பூங்கா இல்லை, 1967 முதல் சரணாலயம்.

கடைகளில் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடற்குதிரை எல்லாம் விற்கிறவர் வந்தால் பிள்ளைகள் கேட்டாலும் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் வருபவை. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ரயில் பார்க்க வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டுவார்கள், பின்னால் வரிசையும் கட்டிவிடும். அப்புறம் தை அமாவாசை எப்போது வருகிறது என்று காலண்டரில் பாருங்கள். அன்றைக்கும் முந்தின நாளும் ராமேஸ்வரம் ஊருக்குள் பெரிய வண்டி நுழைவதே கஷ்டம், அக்னி தீர்த்தம் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாள் உங்கள் லீவில் விழுந்தால் காரங்காட்டை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு முந்தின நாளே வனத்துறை ஆபீசில் காற்று எப்படி, படகு விடுகிறார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் அம்மாவைக் கிளப்புங்கள்.

தண்டையார்பேட்டை_வாசி

பார்த்துவிட்டேன் சார், தை அமாவாசை எங்கள் லீவுக்குள்தான் வருகிறது. அன்றைக்குக் காரங்காடு என்று மாற்றிவிட்டோம். வயரிங் அண்ணே, சுவிட்ச் போட்டதும் வீட்டு பிளக்கில் சொருகிப் பார்த்து இங்கேயே சொல்கிறேன், மறுபடி விழுந்தால் வண்டியை எடுக்க மாட்டேன்.