ஷோகேஸைக் கழற்றின பிறகு

வேப்பமரத்தடி:

அலட்டாமல், கண்ணை உறுத்தாமல், எளிமையாக வீட்டை அழகாக வைத்துக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

மடிப்பாக்கத்தில் ஃபிளாட், 780 சதுர அடி. குடி வந்த புதிதில் ஹால் சுவர் முழுக்க ஷோகேஸ் அடித்தோம், ப்ளைவுட், மேலே மைக்கா, கண்ணாடிக் கதவு, உள்ளே மூன்று குட்டி விளக்கு. எதை வைக்கப் போகிறோம் என்று தெரியாமலே அடித்துவிட்டோம், அதுதான் வேடிக்கை. அப்புறம் அதை நிரப்புவதே ஒரு வேலையாகிப் போனது. கொலுவில் மிஞ்சின செட்டியார் பொம்மை, கல்யாணத்துக்கு வந்து ஓடாத கடிகாரம், பையன் ஸ்போர்ட்ஸ் டேயில் வாங்கின கப், யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடல் பொம்மை). சனிக்கிழமை ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைக்க ஒரு மணி நேரம்.

போன வருஷம் கரையான். மொத்தத்தையும் பிய்த்துப் போட வேண்டியதாயிற்று. சுவருக்கு வெள்ளை அடித்த கையோடு கையிலிருந்த காசு தீர்ந்துவிட்டதால் ஹால் இரண்டு மாதம் அப்படியே மொட்டையாகக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் "ஹாலை இடிச்சுப் பெரிசாக்கினீங்களா?" என்று கேட்டார்கள். மாமியார் மட்டும் "ஏன்டிம்மா, வீடு காலி பண்றீங்களா?" என்றார்.

அவருடைய வெண்கல உருளி ஒன்று பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தது. புளியும் கல்லுப்பும் போட்டு அரை நாள் தேய்த்தேன். முக்காலி மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, கீழே வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் பூக்கிற நந்தியாவட்டையில் ஆறு பூ மிதக்கவிட்டேன். தரையில் ஒரு பவானி ஜமக்காளம். ஹாலில் வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. (தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுவுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பீர்கள்.)

மலைக்கோட்டை:

எங்கள் கதை தரைக் கதை. திருச்சியில் வீடு கட்டும்போது தரைக்கு, கையால் செய்கிற ஆத்தங்குடி பூக்கல்தான் போடுவேன் என்று அடம்பிடித்து நேரிலேயே போனேன். காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். போய்ப் பார்த்தால் சூளையும் இல்லை, பெரிய மிஷினும் இல்லை. சதுரமாக ஒரு கண்ணாடி, அதன் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. கல் செய்கிறவர் அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சாய சிமெண்ட்டை ஊற்றுகிறார், தோசை மாவு பதம். பிறகு அச்சை அலுங்காமல் தூக்குகிறார், பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது! அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, கலவை போட்டு அமுக்கி ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறார். காய்ந்த பிறகு கண்ணாடியை உரித்தால் கீழ்ப்பக்கம்தான் கல்லின் முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது, சுடுவதே இல்லை. அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள்.

நான் நாலு ரூமுக்கும் நாலு விதப் பூ எடுத்து வைத்திருந்தேன். கல் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லா ரூம்லயும் பூ போட்டா கண்ணு எங்கயும் நிக்காதும்மா. ஹால்ல மட்டும் நடுவுல கம்பளம் விரிச்ச மாதிரி பூவைப் போடு, மத்ததெல்லாம் பிளைன் செவப்பு போதும்" என்றார். வியாபாரம் குறையுமே என்று யோசிக்காமல் சொன்னாரே, அதற்காகவே அவர் சொன்னபடி செய்தேன். இன்றைக்கும் வருகிறவர்கள் ஹாலில் கால் வைத்ததும் ஒரு நொடி தரையைப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று, சிமெண்ட் கறை போக ஆசிட் போட்டுக் கழுவுகிறேன் என்று கொத்தனார் கிளம்பினால் கையைப் பிடித்துத் தடுங்கள். எங்கள் வீட்டில் நான் இல்லாத நேரம் ஒரு ரூமில் ஊற்றிவிட்டார், முகமே போய்விட்டது. மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய். நடக்க நடக்க மெருகேறுகிறது.

மூணாவது மாடி:

நான் செய்தது சின்ன வேலை. பல்பு டப்பாவில் 6500 கே என்று போட்டிருக்கும் வெள்ளை விளக்கைத்தான் வீடு முழுக்க எரித்துக்கொண்டிருந்தோம், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. ஹாலிலும் படுக்கையறையிலும் இளமஞ்சளாக எரிகிற 3000 கே வாங்கி மாட்டினேன். அதே சோபா, அதே திரைச்சீலை, சாயங்காலமானால் வேறு வீடு. சமையலறையை மட்டும் மாற்றவில்லை, அரிசியில் கல் தெரியணுமே.

ஹவுசிங் போர்டு:

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்த "எளிமை" மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நண்பர் ஒருவர் வீடு, ரொம்ப எளிமை என்றார். போனால் எங்கேயோ பழைய வீட்டை இடித்தபோது வந்த தேக்குத் தூண் இரண்டு ஹாலில் எதையும் தாங்காமல் நிற்கிறது, விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கை கழுவிவிட்டு வந்தால் ஈரத் துண்டைப் போட அந்த வீட்டில் ஓர் இடம் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு காபி குடித்தேன்.

நாங்கள் ஆறு பேர் ஒன்றரை ரூமில் வளர்ந்தோம், எளிமையெல்லாம் வேறு வழியில்லாமல் வந்தது. இருந்தாலும் அம்மா காலையில் பாய் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, காவித் தரையை ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுப்பாள். அது காய்வதற்குள் யாராவது மிதித்தால் தொலைந்தோம். ஜன்னல் வெளிச்சம் அந்த ஈரத்தில் விழுந்து ரூம் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். எவ்வளவு செலவழித்தும் என் வீட்டில் அந்த நிறம் வரவில்லை.

வேப்பமரத்தடி:

ஹவுசிங் போர்டு, துண்டுக்கு எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணி இருக்கிறது, தைரியமாக வாருங்கள். ஷோகேஸ் சாமானில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டேன். மெர்லயனை மட்டும் பையன் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறான், உருளியைப் பார்த்தபடி.