திறப்புப் பொருந்தாத கதவு: திரும்பத் திரும்ப வரும் கனவுகள் பற்றிய அனுபவங்கள்

கடலோரத்தாள், வெள்ளவத்தை

காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். நான்கு மாதங்களாக ஒரே கனவு, சிற்சில மாற்றங்களுடன், எனக்கு வந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாங்கள் விட்டுவந்த வீட்டின் முன்கதவுக்கு வெளியே நிற்கிறேன். கையில் திறப்புக் கோர்வை இருக்கிறது. ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் பொருந்துவதில்லை. கதவுக்கு அப்பால் யாரோ அரிசி களையும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. கூப்பிட வாயெடுக்கிறேன்; குரல் எழுவதில்லை. அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பாதையால் அதிகாலைப் புகையிரதம் போக, விழித்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம், "வீட்டுத் திறப்புத் தொலைகிற மாதிரி ஒரு கனவு" என்று அரைகுறையாகத்தான் சொன்னேன். அவர் உடனே பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் உள்ள பக்கத்தைப் புரட்டினார். பாம்பு கடித்தால் பீடை விலகும், பல் விழுந்தால் உறவில் இழப்பு, கல்யாணக் கோலம் கண்டால் துக்கச் செய்தி என்று ஒவ்வொன்றாக வாசித்து, யானை துரத்தினால் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி பாக்கி என்பதைத் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். திறப்புக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. எனினும் பணம் கைவிட்டுப் போகும் என்று அவராகவே முடிவுசெய்து, மயூராபதி அம்மன் கோவிலில் விளக்கேற்றச் சொன்னார். ஏற்றினேன். மறுவாரமே கனவு மீண்டும் வந்தது.

அதன்பின் தலைமாட்டில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். கண் விழித்ததும் கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன்னர் கனவை எழுதுவது, அப்போது மனம் எப்படி இருந்தது என்பதை ஒரு வரியில் குறிப்பது, முதல் நாள் நடந்தவற்றைக் கீழே எழுதுவது என்பவையே நான் எனக்கு இட்டுக்கொண்ட விதிகள். பதினொரு தடவை இக்கனவை எழுதியபின் பின்னோக்கிப் பார்த்தபோது, அவற்றில் ஏழு, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் பேசிய நாட்களின் இரவுகளாக இருந்தன. கொக்குவில் காணியை விற்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். அதற்கான அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம், என் பெயரில் இருக்கிறது. முதல் நாளின் சங்கதி அன்றிரவுக் கனவுக்கு மூலப்பொருளாகும் என்று சிக்மண்ட் ஃப்ராய்ட் சொன்னதை, 1900 என்று ஆண்டிடப்பட்டு 1899 நவம்பரிலேயே வெளியான அவருடைய கனவு நூலைப் பற்றி வாசித்தபோது அறிந்திருந்தேன். ஆகவே தூண்டியது எது என்பது விளங்கிவிட்டது. ஆனால் ஏன் திறப்பு, ஏன் அரிசி என்பவை விளங்கவில்லை. இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் கனவு கண்டவர்கள், அதை எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள் என்று எழுதினால் நன்றியுடையவளாவேன்.

இரவுப்பணியாளன், தெமட்டகொடை

சகோதரி, புகையிரதத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் தூக்க நிலையை 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை அந்நிலை திரும்ப வருகிறது. விடிய விடிய அதன் நீளம் கூடுகிறது. தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அதன் நடுவே எழுப்பப்படுபவருக்கே கனவு நன்றாக நினைவில் நிற்கும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம் பெரியவர்களின் நம்பிக்கைக்கு, அந்நேரக் கனவுகள் மறந்துபோகாமல் இருப்பதும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். குரல் எழாமைக்கும் அவ்வாறே விளக்கம் உண்டு. அந்நிலையில் உடற்தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். விழிப்பு முந்திக்கொண்டு தளர்ச்சி நீங்காமல் இருந்தால், அதைத்தான் நாம் அமுக்குவான் என்கிறோம். இரவுப்பணி முடிந்து பகலில் படுக்கும் எனக்கு அது பழகிப்போன விருந்தாளி.

புடவைக்கடைக்காரர், மருதானை

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் உம்மா கனவு விடயத்தில் கண்டிப்பானவர். கனவு மூன்று வகை என்றும், நற்செய்தியாக அல்லாஹ்விடமிருந்து வருவது ஒன்று, கலங்கடிக்க ஷைத்தானிடமிருந்து வருவது இன்னொன்று, மனிதன் தன் மனத்தோடு பேசிக்கொள்வது மூன்றாவது என்றும் ஹதீஸில் உள்ளதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று தடவை இலேசாகத் துப்பி, பாதுகாவல் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நான் இங்கே சொல்வது அந்த விதிக்கு மாறுதான். ஆனால் என் கனவு மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்று நிச்சயமாக அறிந்த பின்னரே எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் எனக்கு ஒரு சிறிய புடவைக்கடை இருக்கிறது. சென்ற ஆண்டு நோன்பு மாதம் நெருங்கிய வேளையில், வெள்ளைத் துணிச் சுருளொன்றை யார்க்கோலால் (கெஜக்கோலால்) அளந்துகொண்டே இருப்பதாகக் கனவு கண்டேன். எத்தனை தடவை அளந்தாலும் ஒரு யார் குறைந்தது. எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. மனைவியிடம் வாய் தவறிச் சொன்னேன். வெள்ளைத் துணி என்றதும் அவருக்கு மையித்துக்குச் சுற்றும் கஃபன் துணி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாட்கள் அழுதார். கனவு விளக்கப் புத்தகம் வைத்திருக்கும் உறவினர் ஒருவரோ அது இஹ்ராம் துணி என்றும், இவ்வருடம் ஹஜ் வாய்க்கும் என்றும் வாழ்த்தினார். ஒரே துணி ஒரு வீட்டில் மையித்தையும் இன்னொரு வீட்டில் மக்காவையும் காட்டியது.

நான் மௌலவி ஒருவரிடம் போனேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், கனவு விளக்கத்துக்குப் பேர்பெற்ற இமாம் இப்னு ஸீரீனைப் பற்றி வழங்கும் கதையைச் சொன்னார். தாம் பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவரிடம் வந்தார்களாம். ஒருவருக்கு நீர் ஹஜ் செய்வீர் என்றார். மற்றவருக்கு நீர் திருட்டில் அகப்படுவீர் என்றார். கனவு ஒன்றுதான், கண்டவர்களின் நிலைதான் வேறு என்பதே அவர் சொன்ன காரணம். அதன்பின் மௌலவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கடையில் அளக்காமல் வைத்திருப்பது என்ன?" எனக்கு உடனே வியர்த்துவிட்டது. ஸகாத் என்னும் கடமைத் தருமம் கொடுப்பதற்காக ஆண்டுக்கொருமுறை எடுக்க வேண்டிய இருப்புக் கணக்கை, வியாபாரம் மந்தம் என்ற சாட்டில், நான் இரண்டாவது ஆண்டாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கெடுக்க நான்கு இரவுகள் பிடித்தன. பிறகு அந்தத் துணி வரவில்லை. இருப்புக் கணக்கு என்றால் வெள்ளைத் துணி என்று யாரும் பட்டியல் போட்டுவிடாதீர்கள். அது துணி வியாபாரிக்கு வந்த கனவு.

கிழக்கான், கொட்டாஞ்சேனை

மேலே எழுதியவர்களோடு முழுமையாக உடன்பட என்னால் முடியவில்லை. எல்லாக் கனவையும் அடையாளமாகக் கொண்டு உட்பொருள் தேடுவது சிலருக்குத் தீங்கு செய்யும். நான் கல்முனைப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26 காலையில் அங்கே இருந்தேன். அதன்பின் பல ஆண்டுகளாகக் கனவில் கடல் வந்தது. கட்டாருக்குப் போகப் பத்திரங்கள் ஆயத்தமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், உடன் தங்கியிருந்த நண்பரிடம் கடல் கனவு என்று மட்டும் சொன்னேன். கடலைக் கண்டால் கடல் கடந்த பயணம் கைகூடும் என்று மகிழ்ந்து, அன்றிரவு கொத்துரொட்டி வாங்கித் தந்தார். மறுக்க மனமில்லாமல் சாப்பிட்டேன்.

என் கனவில் கடல் வேறொன்றுக்கு நின்ற அடையாளம் அன்று. அது கடல்தான். சைக்கிளின் பின்னிருக்கையில் என் தங்கை இருக்கிறாள், நான் மிதிக்கிறேன், சங்கிலி கழன்றுவிடுகிறது. நடந்தது நடந்தபடியே வந்தது. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களின் கனவுகள், கனவு என்பது ஆசையின் நிறைவேற்றம் என்ற தம் கொள்கைக்குள் அடங்கவில்லை என்பதை ஃப்ராய்டே 1920இல் ஒப்புக்கொண்டு எழுதினார். கொழும்பில் நான் சந்தித்த உளவளத்துணையாளரும் பொருள் எதுவும் சொல்லவில்லை. கனவைப் பகலில் முழுமையாக எழுதி, முடிவை மட்டும் நான் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்கு இது பிள்ளை விளையாட்டாகப் பட்டது. முடிவை மாற்றுவது தங்கைக்குச் செய்யும் துரோகம் என்றுகூடத் தோன்றியது. ஆகவே நான் மாற்றியது சங்கிலியை மட்டுமே. அது கழலவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு சைக்கிள் பிரதான வீதி வரை வந்தது. கடல் இப்போதும் சில வேளைகளில் வருகிறது. ஆனால் நான் அலறி எழுவதில்லை.

தமிழாசிரியை (ஓய்வு), பம்பலப்பிட்டி

தம்பி எழுதியதை வாசித்தபின் சிறிது நேரம் எதுவும் எழுத இயலவில்லை. அவர் கூறுவது சரி. பட்ட காயத்தின் கனவுக்குப் பொருள் கூற முற்படுவது, அழுபவரிடம் இலக்கணம் கேட்பது போன்றது.

தொடக்கத்தில் எழுதிய மகளுக்கு இரண்டு குறிப்புகள். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகி தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பற்றிப் பெருநகர் ஒன்றுக்குள் போனதையும், அங்கே ஊரார் இட்ட பழியையும், கோவலனுக்கு நேர்ந்த தீங்கையும், தான் அரசன் முன் வழக்குரைத்ததையும் சொல்கிறாள். தேவந்தியோ கனவின் உள்ளே போகாமல் நேரே பரிகாரத்துக்குப் போய்விடுகிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புற்றிருக்கலாம் என்கிறாள். "பீடு அன்று" என்ற இரண்டு சொற்களில் கண்ணகி அதை மறுக்கிறாள். உங்கள் அம்மா விளக்கேற்றச் சொன்னதைக் குறைகூற இதை எழுதவில்லை; அன்புடையவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பரிகாரம் முந்திக்கொண்டால் கனவை முழுமையாகக் கேட்க ஆளில்லாமற் போகிறது. நீங்களும் அம்மாவிடம் அரைகுறையாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்?

மற்றது, சொல்லைப் பற்றியது. நாற்பது ஆண்டுகள் மொழி கற்பித்தவளுக்கு இது ஒரு பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவு படத்தால் மட்டும் அமைவதில்லை; கண்டவரின் மொழியாலும் அமைகிறது. கி.மு. 332இல் தீர் நகரை முற்றுகையிட்டிருந்த அலெக்சாந்தர், கூத்தாடும் சாத்திர் என்னும் வனதேவனைக் கனவில் கண்டபோது, குறிசொல்லும் அரிஸ்தாந்தர் அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, "தீர் உன்னுடையது" என்று கிரேக்கத்தில் பொருள் கூறியதாகச் சொல்வார்கள். வேறு மொழி பேசுபவனுக்கு அக்கனவு வெறும் கூத்தாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் அதற்கேயுரிய கனவு மொழி உண்டு என்பது ஃப்ராய்டின் சகாவான ஃபெரன்சியின் கருத்து.

உங்கள் கனவு சென்னையில் உள்ள ஒரு பெண்ணுக்கு வந்திருந்தால் அவள் கையில் இருந்தது சாவி. அது போர்த்துக்கேயர் வழி வந்த சொல். நம் தமிழில் முன்னரே மணி பிடிக்காத பதர்ப்பயிருக்கும் சாவி என்று பெயருண்டு. நம் ஊரிலோ அது திறப்பு. கருவிக்கும் அதே பெயர், திறக்கும் செயலுக்கும் அதே பெயர். ஆகவே திறப்பு எதைக் குறிக்கும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் யார், எப்போது, உங்களை நோக்கிச் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரிசியைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள்.

கடலோரத்தாள், வெள்ளவத்தை

அனைவருக்கும் நன்றி. ரீச்சரின் கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. வாசித்த கணமே காதில் கேட்டது. அண்ணா கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், வான் வண்டிக்குள் வைத்து அம்மா என்னிடம் சொன்னார்: "இனி வீட்டுத் திறப்பு உன்னட்டத்தான்." அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு கைவிட்டுப் போய்ப் பத்து ஆண்டுகளாகியிருந்தன. அம்மா சொன்னது பொறுப்பைத்தான். அந்தப் பொறுப்பைக் கொண்டுதான் இன்று நான் விற்பனை உறுதியில் ஒப்பமிட வேண்டியிருக்கிறது.

நேற்று மாலை அம்மாவிடம் கனவை முழுவதுமாக, குறிப்பேட்டைப் பார்த்தே வாசித்தேன். பலன் பக்கத்தை அவர் எடுக்கவில்லை. அரிசி களையும் ஓசை என்ற இடத்தில், அது அப்பம்மா என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, போருக்கு அஞ்சி ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நகரத் தொடங்கிய வேளையிலும், வெறும் வயிற்றோடு பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது என்று அவர் அரிசி களைந்து உலையில் போட்டாராம். அந்தச் சோற்றைச் சாப்பிட நேரம் இருக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. எனக்கு ஞாபகம் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன்.

அதன்பின் அம்மா எழுந்துபோய், சாமித்தட்டின் பக்கத்து ஆணியில் தொங்கும் கோர்வையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். நான் நாள்தோறும் காண்பதும், கண்டதாக ஒருநாளும் உணராததுமான கோர்வை. நான்கு திறப்புகள். துரு, வளையத்தோடு அவற்றை ஒட்டவைத்திருந்தது. ஒவ்வொன்றாக விரலால் பிரித்து, இது நெல்லறை, இது அலுமாரி, இது அப்பாவின் மேசை லாச்சி, இது கிணற்றடிப் படலையின் ஆமைப்பூட்டு என்றார். முன்கதவுத் திறப்பு எங்கே என்று கேட்டேன். அது இதில் ஒருநாளும் இருக்கவில்லை என்றார். புறப்படும்போது பக்கத்து வீட்டு ஆச்சி தாம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டதால், கோடிக்குள் நிற்கும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி, வேலிக்கு மேலால் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம்.

கனவில் ஒன்றும் பொருந்தாதது சரிதான். வேலிக்கு மேலால் போன கையை ஒன்பது வயதில் நான் பார்த்திருந்தேனா, அல்லது அது தற்செயலா என்று தீர்மானிக்க எனக்கு வழியில்லை. தீர்மானிக்கப் போவதும் இல்லை. அண்ணாவிடம் பேசி, நொத்தாரிசிடம் போவதை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறேன். ஒப்பமிடுவதற்கு முன்னர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருதடவை கொக்குவிலுக்குப் போய்வருவதாக முடிவு. ஆச்சி காலமாகி நெடுநாளாகிறது. அவருடைய மகள் இன்னும் அந்த வளவில்தான் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறார்.