புதுப்பிப்பு: கணையத்தைக் குடலோடு தைப்பது, என் பழைய கருத்தில் ஒரு திருத்தம்

கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் அறுவை சிகிச்சையில் மிஞ்சும் கணையத்தைச் சிறுகுடலோடு எப்படி இணைப்பது என்ற என் இழையில், கணையக் குழாயைக் குடலின் உட்படலத்தோடு நேராகத் தைக்கும் முறைதான் சிறந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தத் 'தான்' என்பதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

மறுத்தவர்கள் 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வைக் காட்டினார்கள். உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். 197 நோயாளிகள். குழாயைத் தைத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கு இணைப்பில் கணைய நீர்க் கசிவு; வெட்டுமுனையையே குடலுக்குள் செருகித் தைத்தவர்களில் 12. நான் நம்பியதற்கு நேர் எதிர்! அதைவிடப் பெரிய இடைவெளி கணையத்தின் பதத்தில் இருந்தது: கெட்டியானதில் 8 சதவீதம், மிருதுவானதில் 27.

போன வாரம் உதவிக்கு நின்றபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன். கணையம் வெண்ணெய் போல இருந்தது, குழாய் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. முதல் முடிச்சைச் சற்றே இறுக்கியதும் நூல் திசுவை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மூத்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் செருகும் முறைக்கு மாறினார். மூன்றாம் நாள் வடிகுழாய் நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதி; உயர்ந்தால் கசிவுக்கு அறிகுறி) உயரவில்லை. ஒரே ஒரு நோயாளிதான், இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடலுக்குப் பதில் இரைப்பையோடு இணைக்கலாமே என்று கேட்டிருந்தவருக்கு: 2016இல் வந்த ஜெர்மானிய ஆய்வில் 320 பேரை ஒப்பிட்டும் கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.