ஜியோலைட் கலந்த நுண்துளை கான்கிரீட்: அடியில் பசை அடைக்கிறது, அம்மோனியா குறையவில்லை

கலவைக்கரண்டி:
வண்டி நிறுத்தும் இடத்து மழைநீரை வடிகட்ட 15 செ.மீ. தளம். ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 315 கிலோ, ஜியோலைட் (அயனிகளைப் பிடிக்கும் நுண்துளைக் கனிமம்) பொடி 35 கிலோ, 10 மி.மீ. ஜல்லி 1,450 கிலோ, தண்ணீர் 133 லிட்டர், மணல் கிடையாது. மாதிரித் துண்டின் மேல்பக்கம் சல்லடை மாதிரி இருக்கிறது. அடிப்பக்கம் சிமென்ட் பசை இறங்கி வழவழவென்று மூடிவிட்டது. வெளிவரும் நீரின் பிஹெச் 11, கடும் காரம். துத்தநாகம் நன்றாகக் குறைகிறது, அம்மோனியா அப்படியே வருகிறது. ஜியோலைட்டைக் கூட்டலாமா?

சல்லடை:
கூட்டாதீர்கள். தண்ணீர் 133-ஐ சிமென்ட்டும் ஜியோலைட்டும் சேர்ந்த 350-ஆல் வகுத்தால் 0.38, இதற்கு அது அதிகம். ஜியோலைட் தண்ணீரைக் குடிக்கும், கலவை இறுகியது போலத் தெரியும், உடனே யாராவது குழாயைத் திறந்துவிடுவார்கள். 0.30-க்கு, அதாவது 105 லிட்டருக்கு, இறங்குங்கள். இளக்கம் போதாவிட்டால் சூப்பர்பிளாஸ்டிசைசரை (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்) சிறுகச் சிறுக விடுங்கள். அது கூடினாலும் பசை இறங்கத்தான் செய்யும்.

ஒரு கைப்பிடி அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள். உதிர்ந்தால் வறட்சி. விரலிடுக்கில் பசை வழிந்து கல் வெறுமையாகத் தெரிந்தால் தண்ணீர் அதிகம். உருண்டை நின்று, கல்மேல் ஈர மினுமினுப்பு இருந்தால் சரி. வைப்ரேட்டர் கூடவே கூடாது, உருளை போதும். போட்ட 20 நிமிடத்துக்குள் பாலிதீன் விரித்து 7 நாள் மூடி வையுங்கள். இதில் ஏமாந்தால் மேல் ஜல்லி பெயர்ந்து வரும்.

பிஹெச்11:
துத்தநாகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் ஜியோலைட் இல்லை, சிமென்ட்டின் காரம்தான்; உலோகம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. அதே காரம்தான் அம்மோனியா விஷயத்தில் எதிரி. ஜியோலைட் பிடிப்பது நேர்மின்னேற்றம் உள்ள அம்மோனியம் அயனியை. பிஹெச் 9.3-ஐத் தாண்டினால் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாத அம்மோனியாவாகிவிடும். அயனிப் பரிமாற்றத்துக்கு அது சிக்காது. போதாக்குறைக்கு, பொடி பசைக்குள் புதைந்து கிடப்பதால் தண்ணீர் அதைத் தொடுவதே குறைவு. கழுவிய 2–5 மி.மீ. ஜியோலைட் குருணையைத் தளத்துக்கு அடியில் தனி அடுக்காகப் போடுங்கள். கார்பனேற்றத்தில் (காற்றின் கரியமில வாயு சிமென்ட்டோடு வினைபுரிவதில்) காரம் குறையக் குறைய அது வேலை செய்யத் தொடங்கும்.

கலவைக்கரண்டி:
நைட்ரேட்?

பிஹெச்11:
எதிர்மின் அயனி. ஜியோலைட்டில் நிற்காது.

வடிகால்:
எந்தக் கனிமம் போட்டாலும் மண் அடைத்தால் எல்லாம் வீண். நீர் இறங்கும் வேகத்தை அளக்க, 300 மி.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தளத்தின்மேல் அடைப்புப் பசையால் (putty) ஒட்டி, முதலில் 3.6 லிட்டர் ஊற்றி நனையுங்கள். பிறகு 10–15 மி.மீ. மட்டம் காத்து 18 லிட்டர் ஊற்றி நேரம் எடுங்கள். 120 விநாடியில் இறங்கினால் மணிக்குச் சுமார் 7,640 மி.மீ. தளம் போட்ட கையோடு ஒரு அளவு எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். பக்கத்தில் வெற்று மண்மேடு இருந்தால் முதலில் அதன் ஓட்டத்தைத் திருப்புங்கள். சுத்தம் செய்ய உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். வெறும் அழுத்த நீர் சேற்றை இன்னும் உள்ளேதான் தள்ளும்.