பாஸ்பேட் 0.00 ஆனால் பாசியே வராதாம்!

உப்புநீர்க்காரன்:
"ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில்) பாஸ்பேட்டை 0.00க்குக் கொண்டுவந்துவிட்டால் பாசி என்ற பேச்சுக்கே இடமில்லை." இது நம் சுத்தஜலம் அவர்கள் புதுப்பவளம் தம்பிக்குச் சொன்ன அருள்வாக்கு. தம்பியும் நம்பி, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளான ஜிஎஃப்ஓவை அள்ளிப் போட்டார். இப்போது மணல் முழுக்கப் பழுப்புச் சளி, இழை இழையாக, நுனியில் காற்றுக்குமிழி. பார்த்தவுடனே தெரிகிறது, டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒருசெல் பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வறண்டு போனால் போட்டிக்கு நிற்கும் மற்ற பாசியும் பாக்டீரியாவும் ஒடுங்கிவிடும். காலி இடத்தில் டைனோ வந்து உட்காரும். சுத்தஜலம் சார், வந்து பதில் சொல்லுங்கள்.

சுத்தஜலம்:
இதில் பதில் சொல்ல என்ன இருக்கிறது? என் டேங்கில் பாஸ்பேட் 0.00. பாசி இல்லை. முடிந்தது.

உப்புநீர்க்காரன்:
0.00 என்று சொல்வது உங்கள் மீட்டர், தண்ணீர் இல்லை. பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும் மீட்டருக்கே 5 வரை முன்னே பின்னே பிழை உண்டு. பாஸ்பேட் கணக்காக்க 3.066ஆல் பெருக்கிப் பாருங்கள், 15 பிபிபி, அதாவது 0.015 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பாஸ்பேட் வருகிறது. அதுபோக, நூல் பாசி மண்டிய டேங்கிலும் 0.00 காட்டும். மீன் தீனியிலிருந்து வருவதைப் பாசி அப்போதைக்கப்போது உறிஞ்சிவிட்டால் மீட்டருக்கு என்ன மிஞ்சும்?

டர்போநத்தை:
ஒரு நிமிடம். இருவரும் எதைப் பூஜ்யம் என்கிறீர்கள்? மீட்டரால் பிடிக்க முடியாத அளவையா, உண்மையிலேயே துளியும் இல்லாததையா? அதை முதலில் பேசி முடித்தால் பாதிச் சண்டை தீரும்.

சுத்தஜலம்:
பாசி உறிஞ்சுகிறது என்றால் என் டேங்கில் அந்தப் பாசி எங்கே? நான் போட்ட போட்டோவைப் பார்த்தீர்களா இல்லையா?

உப்புநீர்க்காரன்:
பார்த்தேன். முழு நீல லைட்டில் எடுத்தது. அதில் பாசியும் தெரியாது, பவளம் வெளிறியிருப்பதும் தெரியாது. தைரியம் இருந்தால் வெள்ளை லைட்டில் ஒன்று போடுங்கள்.

சம்ப்சாமி:
எல்லாவற்றுக்கும் மருந்து, நல்ல பெரிய ஸ்கிம்மர், கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி. பாஸ்பேட்டை அதுவே வெளியே தள்ளிவிடும். நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்?

உப்புநீர்க்காரன்:
சாமி, ஸ்கிம்மர் எடுப்பது கரிமக் கழிவை. அது மக்கிப் பாஸ்பேட்டாக நீரில் கரைந்துவிட்டால் நுரையில் ஒட்டாது. நீங்கள் எனக்குத் தந்த காய்ந்த பாறை கக்கிய பாஸ்பேட்டை உங்கள் ஸ்கிம்மர் தொட்டதா? பழைய சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சம்ப்சாமி:
ஆரம்பித்துவிட்டாரய்யா. பாறையைக் கழுவி ஊறவைக்கச் சொன்னேன். ஊறவைக்கப் பொறுமை இல்லாதவருக்கு ரீஃப் டேங்க் எதற்கு?

கீட்டோராணி:
பாறைக் கதையை விடுங்கள் அண்ணா. சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில்) ஒரு கைப்பிடி கீட்டோ என்ற பச்சைப் பாசி போட்டு, மேலே டேங்க் லைட் அணைந்திருக்கும் நேரத்தில் அதற்கு லைட் கொடுத்தால் போதும். வளர்ந்ததை அறுத்து எறிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போகும். இரவில் பிஎச் விழுவதும் குறையும்.

சுத்தஜலம்:
பாசியை ஒழிக்கப் பாசி வளர்க்கச் சொல்கிறார்கள். பேஷ்! நான் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள ரெட்ஃபீல்ட் விகிதப்படி 16:1 வைத்திருக்கிறேன். நைட்ரேட் 1.6, பாஸ்பேட் 0.1. அறிவியல் அதைத்தான் சொல்கிறது.

உப்புநீர்க்காரன்:
சற்று முன் 0.00, இப்போது 0.1. எது உண்மை? ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் 1934இல் எழுதத் தொடங்கியது திறந்த கடலின் நீரையும் மிதவை உயிர்களையும் பற்றி. 16:1 என்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் எண்ணிக்கை. நைட்ரேட், பாஸ்பேட் என்று எடைக்கு மாற்றினால் சுமார் 10:1 வரும். உங்கள் டேங்க் திறந்த கடலும் இல்லை, உங்கள் கணக்கு ரெட்ஃபீல்ட் கணக்கும் இல்லை.

சுத்தஜலம்:
0.1 என்பது உதாரணத்துக்குச் சொன்னது. என் டேங்க் 0.00தான். திரும்பத் திரும்பக் கேட்டாலும் 0.00தான்.

உப்புநீர்க்காரன்:
அப்படியானால் உங்கள் பவளத்துக்காகப் பரிதாபப்படுகிறேன். அதன் திசுவுக்குள் இருப்பதும் ஒரு பாசிதானே? அதுவும் டைனோ இனமே. அதைப் பட்டினி போட்டுவிட்டு அக்ரோபோரா பவளத்திடம் நிறம் கேட்கிறீர்கள். நைட்ரேட் ஏறி, பாஸ்பேட் மட்டும் வறண்டால் பவளம் சூட்டிலும் வெளிச்சத்திலும் வெளுக்கும் ஆபத்து கூடுகிறது என்று 2013இலேயே வீடன்மான் குழு, சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், காட்டியாகிவிட்டது.

சுத்தஜலம்:
பெயரை உதிர்த்தால் ஆய்வாளர் ஆகிவிட முடியாது. சயனோவுக்கும் (நீலப்பச்சை பாக்டீரியா) டைனோவுக்கும் வித்தியாசம் தெரியாமல் மருந்து ஊற்றியவர் யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

உப்புநீர்க்காரன்:
அது நான் இல்லை. பழைய பதிவை எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம். அதற்கு முன்னால் வெள்ளை லைட் போட்டோ.

புதுப்பவளம்:
அண்ணன்மார்களே, நான் இப்போது என்ன செய்வது? நத்தை ஒன்றிரண்டு செத்துவிட்டது.

உப்புநீர்க்காரன்:
தம்பி, ஜிஎஃப்ஓவை இன்றே எடுத்துவிடு. செத்த நத்தையையும் எடு. சில டைனோ விஷம் உள்ளவை, அதைத் தின்ற நத்தை சாகும். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பக்கம் மெதுவாக ஏறட்டும், ஒரேயடியாக ஊற்றாதே. தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தி வை. அப்புறம் ஒரு துளி சளியை மைக்ராஸ்கோப்பில் பார். ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை டைனோ என்றால் இரவில் நீரில் மிதக்கும், யூவி (புற ஊதா விளக்கு) வேலை செய்யும். பெரிய ஆம்ஃபிடினியம் வகை என்றால் மணலை விட்டு எழாது, யூவி தண்டம்.

சம்ப்சாமி:
யூவி எதற்கு? மூன்று நாள் டேங்கைப் போர்த்தி இருட்டாக்கினால் டைனோ காலி.

உப்புநீர்க்காரன்:
லைட் போட்டதும் திரும்பி வரும். நீரில் மிதப்பதை அழிக்க எதுவும் இல்லாமல், பாஸ்பேட்டையும் ஏற்றாமல் வெறும் இருட்டு மட்டும் கொடுத்து என்ன பயன்? தம்பி, இவரிடம் மட்டும் பாறை வாங்கிவிடாதே.

சம்ப்சாமி:
என் வியாபாரத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை? யூவி பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வாரும் அங்கே.

உப்புநீர்க்காரன்:
வருகிறேன். பாறை வாங்கிய மற்றவர்களையும் கூட்டிக்கொண்டே வருகிறேன்.

சுத்தஜலம்:
பேச்சை எங்கெங்கோ இழுத்துவிட்டு ஓடுகிறார், பாருங்கள். இன்று காலையும் சோதித்தேன். 0.00.