காரையாறு: ஆடி அமாவாசை முடிஞ்சதும் துப்புரவுக்குக் கூட்டமாப் போகலாமா?

பொருநைக்கரை:
பாபநாசம் மலையில் தாமிரபரணிக் கரையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசை விழா முடிந்தால் ஆற்றங்கரை முழுக்கத் துணியும் பாலித்தீனும்தான். மறுநாளே 100 பேர் இறங்கி, கோயிலில் இருந்து மேலே அணையின் ஏரிக்கரை வரை பொறுக்கிவிடலாம். கையோடு ஏரியைச் சுற்றி மரக்கன்றும் நடலாம். வனத்துறை கேட்டைப் பூட்டியே வைத்திருந்தால் காட்டின் மேல் ஜனங்களுக்கு எப்படி அக்கறை வரும்?

முண்டந்துறையான்:
அண்ணாச்சி, கன்று யோசனையை முதல்ல விடுங்க. காரையாறு அணையோட முழு மட்டம் 143 அடி. மழையில ஏறும், கோடையில இறங்கும். இடைப்பட்ட சரிவுல நட்ட கன்று மாசக்கணக்கா முங்கிக் கிடந்து வேர் அழுகிரும். தண்ணி வடிஞ்சதும் அங்க முளைக்கிற பச்சைப்புல்தான் மிளாவுக்கும் (கடமான்) காட்டுமாட்டுக்கும் மேய்ச்சல். அதை வெறும் பொட்டல்னு நினைக்கக் கூடாது.

இன்னொண்ணு, இது 1988-லயே புலிகள் காப்பகமான காடு. திருவிழாக் கூட்டம் இறங்கின மறுநாள் அதுக்கு வேண்டியது அமைதி. இன்னொரு 100 பேர் இல்ல.

பொருநைக்கரை:
கன்று வேண்டாம், சரி. ஆனால் அமைதி என்று ஒரு வாரம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? சோறு கட்டின கவரில் உப்பு ஒட்டியிருக்கும். மிளா அதை நக்கி, கவரோடு விழுங்கும். வயிற்றுக்குள் பந்தாகத் திரண்டு இரைப்பையை அடைத்தால் அது சாகும். இதற்கு மறுநாள்கூடத் தாமதம்தான்.

நீர்நாய்:
ரெண்டு பேரும் எல்லாக் குப்பையையும் ஒண்ணாப் பேசுறீங்க. சோத்துக்கவரை விழா நடக்கும்போதே, தினமும் பொழுது சாயுமுன்ன எடுக்கணும். துணிக்கு அவசரம் கிடையாது, ஆத்துல தண்ணி குறையட்டும்.

பரிகாரம்னு ஆத்துல விடுற துணி முன்ன பருத்தி, மக்கிப்போகும். இப்ப முக்கால்வாசி பாலியஸ்டர். சேலை ஒரு பாறையிலயோ நீர்மருது வேருலயோ சுத்தினா, மடிப்பெல்லாம் மணல் ஏறி இறுகிரும். ஆர்வத்துல நாலு பேர் முனையைப் பிடிச்சு இழுத்தா வேர் பிய்ஞ்சு கரை சரியும். மணலைக் கையால தோண்டி ஒதுக்கி, அரிவாளால ரெண்டு மூணு அடித் துண்டா அறுத்துத்தான் எடுக்கணும். வேருக்கு அடியில போன துண்டை அறுத்து அப்படியே விட்டுரணும். கோணியை அரைவாசிக்கு மேல நிரப்பாதீங்க, நனைஞ்ச துணியைப் பாறையில ஏறித் தூக்க முடியாது. மேல அணையில எப்ப தண்ணி திறக்காங்கன்னு கேட்காம யாரும் ஆத்துல கால் வைக்கவே கூடாது, ஒரு ஆள் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.

முண்டந்துறையான்:
இவ்வளவு பக்குவமான வேலைக்கு 100 பேர் எதுக்கு? 20 பேர் போதும். அதுலயும் இந்தக் காட்டுலயே குடியிருக்கிற பழங்குடி, மயிலாறு காணிக்காரங்களுக்குக் கூலி கொடுத்து முன்னால விடணும், ஆத்தோட ஒவ்வொரு கசமும் (ஆழமான மடு) அவங்களுக்குத் தெரியும். மத்தபடி குப்பையைப் பாபநாசம் சோதனைச்சாவடியிலயே தடுங்க. நீலகிரியில மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலியைக் கொண்டாந்தா திருப்பிக் கொடுக்காங்க. தண்ணி பாட்டிலுக்கும் அதையே செய்யலாம்.

பொருநைக்கரை:
கூலி கொடுக்க வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் அமாவாசைக்கு முந்தின நாள் சாவடியில் ஒவ்வொரு பாட்டிலாக ஒட்டுவில்லை ஒட்டினால் பஸ்ஸும் வேனும் மலையடிவாரம் வரை நிற்கும். கணக்கைப் பாட்டிலுக்கு வேண்டாம், ஜனங்கள் விழாவுக்குப் போடுகிற குடிலுக்கு வையுங்கள்: தங்க வருகிற குடும்பத்துக்கு ஒரு கோணி, முன்பணம் 200 ரூபாய், கிளம்பும்போது நிறைந்த கோணியைக் கொடுத்தால் பணம் திரும்பும்.

நீர்நாய்:
200 ரூபாய்க்காகப் பக்கத்துக் கரைக் குப்பையையும் பொறுக்கிப் போடுவாங்க, நல்லதுதான். கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்பாம இருக்க, வாங்குற ஆள் கோணியைக் கவுத்துப் பார்க்கணும். கண்ணாடிக்குத் தனி வாளி. ஏரிக்கரைப் பக்கம் மட்டும் யாரும் வேண்டாம் அண்ணாச்சி, விழாக் குப்பை கிடக்கிறது அணைக்குக் கீழதான்.