எந்தப் பெயர்கள் இன்னும் பரவ வேண்டும், எவை குறைய வேண்டும்?

நெல்லிமரம் கேட்டது:

எங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள், பூச நட்சத்திரம். பெயர் தேடினால் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே வரிசைதான்: தன்விகா, அன்விகா, ஆத்விகா, லக்ஷிதா. தமிழ்ப் பெயர் என்று தேடினால் யாழினி, மகிழினி, தமிழினி. வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று பிள்ளைகள் எழுந்து நிற்கும் நிலை வேண்டாம் என்று பார்க்கிறோம்.

ஆண், பெண் இரண்டுக்குமே கேட்கிறேன். எந்தப் பெயர்கள் இன்னும் அதிகமாக வைக்கப்பட வேண்டும், எவை போதும்? காரணத்தோடு சொல்லுங்கள். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் எழுத்தை விட மாட்டேன் என்கிறார்கள். அதற்கும் ஒரு வழி தெரிந்தால் நல்லது.

ஏட்டுச்சுவடி பதில்:

வாழ்த்துகள். என் கட்சி சங்ககாலத் தனிப்பெயர்கள். பலர் நினைப்பதுபோல் அவை நீளமானவை அல்ல, பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துதான். ஆதன், கீரன், பாரி, ஓரி, மாறன், அதியன், உதியன், எழினி. கீழடிப் பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயர் ஆதன். ஜம்பைக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவர் தன் பானையில் எழுதிவைத்த பெயரை இன்றைக்கு ஒரு குழந்தைக்கு அப்படியே வைக்க முடிகிறது. இந்த வாய்ப்பை நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் கூடாது. ஒவ்வொன்றையும் மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள். முதலாவது, இன்றைய காதில் எப்படி விழுகிறது. அஞ்சி மாவீரன் பெயர், இன்றைக்கு ‘பயந்து’ என்று கேட்கும். கிள்ளி சோழன் பெயர், வகுப்பில் பிள்ளையைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். குவளை அழகான பூ, ஆனால் இப்போது தண்ணீர் குடிக்கும் பாத்திரம்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டாவது, ஆங்கில எழுத்தில் போட்டால் என்ன ஆகிறது. சாத்தன் வணிகரும் புலவரும் வைத்துக்கொண்ட பெயர், ஆங்கிலத்தில் எழுதினால் கிறிஸ்தவ மறையின் சாத்தானாகிவிடும். மூன்றாவது, பெயருக்குப் பின்னால் என்ன கதை நிற்கிறது. நன்னன் என்றால் ஒரு மாங்காய்க்காகப் பெண்ணைக் கொன்றவன் என்று குறுந்தொகை 292 சொல்கிறது. அறிஞர் மா. நன்னன் அந்தப் பெயருக்கே மதிப்புச் சேர்த்தார் என்பதும் உண்மைதான். தெரிந்து வைத்தால் தவறில்லை.

பெண் பெயர்களுக்கு எல்லோரும் காப்பியத்துக்குப் போகிறார்கள். புலவர் வரிசைக்கு யாரும் வருவதில்லை. இளவெயினி (புறநானூறு 157 பாடியவர்), நச்செள்ளை (பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர்), மாசாத்தி, ஆதிமந்தி. இவற்றில் இளவெயினி ஒன்றுக்காகவே நான் வாதாடுவேன். சொல்ல இனிமை, தேய்ந்து போகாத பெயர், எழுதியவர் ஒரு குறமகள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். காந்தள், வெட்சி, குறிஞ்சி, முல்லை எல்லாம் அங்கே இருக்கின்றன. முல்லையைத் தவிர மற்றவற்றை யாரும் அதிகம் தொடுவதில்லை.

குறைய வேண்டியது: ஓசைக்காகவே ஒட்டிச் செய்த பெயர்கள். ‘-விகா’, ‘-ஷிகா’, ‘-விக்’, ‘-யான்ஷ்’. இணையப் பட்டியலில் இவற்றுக்கு ‘லட்சுமியின் மறுபெயர்’ என்று பொருள் போட்டிருப்பார்கள். எந்த அகராதியிலும் அந்தச் சொல்லே இருக்காது. பெயரை முடிவு செய்யும் முன் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒருமுறை தேடுங்கள், இணையத்தில் இலவசம். வடசொல் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இரண்டிலும் வேர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருள் யாரோ எழுதிவிட்டது.

பதிவேடு பதில்:

பெயரின் அழகை மற்றவர்கள் சொல்வார்கள், நான் தாள் விஷயத்தைச் சொல்கிறேன். அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனையே அனுப்பிவிடும். அப்போது பெயர் கட்டாயமில்லை. பெயரில்லாத சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஏறின பெயர் ஏறினதுதான். எழுத்துப்பிழையைத் திருத்துவார்கள், வேறு பெயராக மாற்றித் தர மாட்டார்கள். மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட்டு, அந்தத் தாளை ஆயுள் முழுக்கக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

இது முன்னைவிட இப்போது முக்கியம். 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ள எழுத்துதான் மற்ற எல்லாத் தாளிலும் வரப் போகிறது.

அதனால் குறைய வேண்டியது என்று நான் சொல்வது பெயரையல்ல, எண்கணித எழுத்துக்கூட்டலை. கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் ‘ஏ’யை இரட்டிப்பது, நடுவில் ‘எச்’ சொருகுவது, கடைசியில் இன்னொரு ‘ஏ’ ஒட்டுவது. பள்ளிப் பதிவேட்டில் எழுதுகிறவர் வழக்கமாக எழுதுகிற மாதிரிதான் எழுதுவார், ஓர் எழுத்து விழுந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அப்படியே அச்சாகும். அப்புறம் பாஸ்போர்ட்டில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் ஒன்று. இருவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்னெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை ஒற்றை எழுத்தாகப் போட மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிள்ளை பெயர் ஒரு கட்டம், அப்பா அல்லது அம்மா பெயர் மறு கட்டம் என்று போட்டால் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட்டின் அடியில் கருவி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான், இடைவெளிக் குறிகளையும் சேர்த்து. தாத்தா பெயர், குலதெய்வம் பெயர், நட்சத்திரப் பெயர் மூன்றையும் கோத்து வைப்பவர்கள் இதை எண்ணிப் பாருங்கள்.

தமிழ் எழுத்தையும் கவனியுங்கள். நம் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும்தான் அடிக்கடி மாறிப் போகின்றன. விண்ணப்பத்தில் பெயரைத் தனித்தனி எழுத்தாக, கோர்த்து எழுதாமல் எழுதிக் கொடுங்கள். கையில் வாங்கிய இடத்திலேயே இரண்டு மொழியிலும் படித்துப் பாருங்கள்.

தேரிக்காடு பதில்:

ஏட்டுச்சுவடி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் தமிழ்ப் பெயர் என்றால் சங்கத்திலிருந்து நேரே யாழினிக்குத் தாவுவது ஏன்? நடுவில் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றனவே. மாரி, பேச்சி, இசக்கி, சுடலை, முனியன், செல்லம்மாள், வேம்பு, பொன்னி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இசக்கி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. படித்து நகரத்துக்குப் போனதும் முதலில் கழற்றிப் போடுவது இந்தப் பெயர்களைத்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு முன் அரசிதழில் மாற்றிக்கொள்கிற பெயர்களைப் பாருங்கள், இவையும் இருக்கும். இந்தப் பெயரைக் கேட்டதும் சாதியையும் வறுமையையும் கணக்குப் போடுகிறவர்கள் இருப்பதால்தான் கழற்றுகிறார்கள். அந்தக் கணக்கு உடைய வேண்டுமென்றால், வசதியுள்ள வீடுகள் இவற்றைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். மாரி என்றால் மழை. இரண்டெழுத்து. எந்த நாட்டிலும் சொல்லலாம்.

அதே கையோடு, அறவே ஒழிய வேண்டியவையும் நம் ஊர்ப்பெயர்களில்தான் உள்ளன. வேண்டாம், போதும்பொண்ணு. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகப் பெண் குழந்தைக்கு வைத்த பெயர்கள். குப்பு, பிச்சை, மூக்காயி வேறு வகை. முந்தின பிள்ளைகள் இறந்து போன வீட்டில், இதையாவது சாவு கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று குப்பையில் உருட்டியும் மூக்குக் குத்தியும் வைத்தவை. அதில் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ‘வேண்டாம்’ என்பதில் அதுகூட இல்லை. அந்தப் பெயரோடு பள்ளிக்கு வருகிற பிள்ளையைப் பார்த்தால், தலைமையாசிரியர்கள் பெற்றோரிடம் பேசி, பத்தாம் வகுப்புக்கு முன்பே அரசிதழில் மாற்ற உதவ வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்கலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைதான் அதை வெளியிடுகிறது.

தமிழ்ப் பெயரில் கிரந்த எழுத்து வரக்கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ராஜாத்தி, ரோஜா, ஜெயா எல்லாம் ஊர் வாயில் புழங்கித் தமிழாகிவிட்டவை. வாயில் உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. லக்ஷிதாவைப் பாட்டி ‘லச்சிதா’ என்றுதான் கூப்பிடப் போகிறார். பிள்ளையின் பெயரைப் பாட்டியால் சொல்ல முடியவில்லை என்றால் பெயர் அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை.

பனங்கூடல் பதில்:

ஜெர்மனியில இருந்து எழுதுறன். இஞ்சை எங்கட ஆக்கள் வைக்கிற பேர்களைப் பற்றிக் கொஞ்சம். ஈழத்தில 80கள் தொடங்கிப் புதுமைப் பேர் என்று கஜிந்தன், நிரோஜன், துஷானி, டிலக்ஷன் என்று போய், அதுவே இப்ப எல்லா வீட்டிலயும் இருக்கு. என்ர விருப்பம் அது குறைஞ்சு நிலா, இனியா, மாறன், கீரன், ஆதிரை மாதிரிப் பேர் கூட வேணும் என்றது. கீரனுக்கு அயர்லாந்தில கிட்டத்தட்ட அதே ஓசையில ஒரு பேர் இருக்கிறதால ஆங்கிலம் கதைக்கிற நாட்டில ஒருதரும் தடுமாற மாட்டினம்.

வெளிநாட்டில பிள்ளை வளரப் போகுது என்றால் ‘ழ’வைப் பற்றி யோசியுங்கோ. இசட்-எச் என்று எழுதினால் ஜெர்மன்காரர் இசட்டை ‘ட்ஸ்’ என்றுதான் வாசிப்பினம். யாழினி ‘யாட்ஸினி’ ஆகிப் போகும். எல் போட்டு எழுதினால் அவை சொல்லுறது எங்கட காதுக்குக் கிட்ட வரும், ஆனால் தமிழ்நாட்டு ஆக்களுக்கு அது யாலினி. எதையெண்டாலும் ஒன்றைத் தெரிஞ்செடுத்து எல்லாப் பத்திரத்திலயும் அதையே வைச்சிருங்கோ. அதே மாதிரி ஹர்ஷித், அக்ஷித் என்று ‘ஷித்’ வாற பேர்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில பிள்ளைக்கு வேதனை. பேர் நல்ல பேர்தான், இடம் சரியில்லை.

இன்னொன்று. ஆண் பேரா பெண் பேரா என்று தெரிய வேணும் என்று இஞ்சத்தைப் பதிவு அலுவலகங்கள் முந்திக் கேக்கிறவை. கிரண் என்ற இந்தியப் பேரைப் பெண்பிள்ளைக்கு வைக்க விடேல்லை என்று ஒரு வழக்குப் போய், 2008 டிசம்பரில ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேரே பிள்ளை ஆணா பெண்ணா என்று காட்ட வேணும் என்ற கட்டாயம் இல்லை என்றது தீர்ப்பு. அதால இசக்கி, எழில், முகில், சுடர் போன்ற பொதுப் பேர்களுக்கு இஞ்சை இப்ப தடை இல்லை. இந்த மாதிரிப் பேர்கள் கூட வேணும் என்றதில நான் தேரிக்காடு பக்கம்.

நெல்லிமரம்:

எல்லோருக்கும் நன்றி. ஆதன் பெயரைப் பற்றி ஒன்று. ஆதவ், ஆதிரன், ஆத்விக், ஆதிக் என்று இருக்கிற கூட்டத்தில் அதுவும் கரைந்துவிடாதா? பூசத்துக்கு இன்னும் விடை வரவில்லையே.

ஏட்டுச்சுவடி பதில்:

ஆதன் பற்றிச் சொன்னது சரி. நகரப் பள்ளியில் ‘ஆதி’ என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்புவார்கள். அங்கே கீரனோ உதியனோ மேல்.

பூசத்துக்கு வழி இருக்கிறது. 27 நட்சத்திரத்துக்கு நாலு பாதமாக 108 எழுத்துக் கொடுக்கும் அந்த அட்டவணை வடமொழி எழுத்துகளை வைத்துக் கட்டியது, அவகஹடச் சக்கரம் என்பார்கள். பல நட்சத்திரங்களுக்குத் தமிழில் எளிதாக எடுத்துவிடலாம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ, ரோகிணிக்கு ஓ, வா, வி, வு, அஸ்தத்தில் பூ, திருவாதிரையில் கு. ஆனால் பூசத்தில் நாலுமே தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். பட்டியல்களில் ‘ஹே’, ‘டா’ பெயர்கள் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வடசொல் தமிழுக்கு வரும்போது முதல் ‘ஹ’ விழுந்து உயிர் மட்டும் நிற்பது பழைய இலக்கண வழக்கு. ஹரன் அரன் ஆனதும் ஹரி அரி ஆனதும் அப்படித்தான். அதே கணக்கில் ஹு, ஹே, ஹோ என்பதை உ, ஏ, ஓ என்று கொள்ளலாம். பெரியவர்களிடம் இப்படிச் சொன்னால், எழுத்தை விட்டுவிட்டோம் என்ற மனக்குறை இராது. உமையாள், உலகம்மை, ஏழிசை, ஏந்திழை, ஓவியா என்று நல்ல பெயர்களே கிடைக்கின்றன. உமை என்று மட்டும் சுருக்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதி யாராவது படித்தால் ஊமையாகிவிடும். ஏழிசையில் ‘ழ’ இருக்கிறது, பனங்கூடல் சொன்னதை மனத்தில் வைத்து எழுத்தை முடிவு செய்யுங்கள். ஓவியா ஏற்கெனவே பரவிவிட்டது. என் ஓட்டு உமையாளுக்கு. அதுவும் சம்மதமில்லை என்றால், நட்சத்திர எழுத்துப் பெயரைப் பெயர்சூட்டு அன்று காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, இளவெயினியைச் சான்றிதழில் ஏற்றுங்கள். காதில் சொன்னதும் பதிவுப் பெயரும் வேறுவேறாக இருப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம்தான்.